எமிலி டிக்கின்சன்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் 1830-ஆம் ஆண்டு பிறந்தவர் எமிலி டிக்கின்சன். பிற்காலத்தில் அவர் தந்தையார் இல்லத்தைவிட்டு வெளிவருவதையே தவிர்த்தார். 1886-இல் அவர் மறைந்தபின், கையால் தைத்த ஏடுகளில் அவர் எழுதிவைத்த கவிதைகளைத் தங்கை லவினியா கண்டெடுத்தார். அவர் இயற்றிய ஏறத்தாழ 1,800 கவிதைகளுள், வாழ்நாளில் அச்சேறியவை சுமார் 10 மட்டுமே.

1890-இல் முதல் தொகுதியை வெளியிட்டவர்கள், செம்மைப்படுத்துவதாக எண்ணி, அவர் இட்ட சிறு கோடுகளை நீக்கினர், இயைபுகளையும் மாற்றினர். அக்கோடுகளோ சிந்தனை தயங்கி நிற்கும் இடங்கள்! தாமஸ் ஜான்சன் என்னும் அறிஞர் கையெழுத்துப்படிகளை ஒப்புநோக்கி, 1955-இல் அவற்றை மீட்டளித்தார். நூல் வெளிவந்த பின்னும் கவிஞரின் சொந்தக் குரல் கேட்க 65 ஆண்டுகள் ஆயின.

ஆகவே, வழக்கத்துக்கு மாறான வரியொன்றைக் கண்டால், பிழையென்று ஒதுக்குமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.