இந்த வருஷம் எந்த ஏரி?

"போன வருஷமும் அதே ஏரி, அதுக்கு முந்தின வருஷமும் அதே ஏரி. இந்தத் தடவையாவது வேற எங்கேயாவது போலாம்ப்பா!"

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வாசலில் பனி கரைந்து முடிவதற்குள்ளேயே பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். கேனோ என்பது நீளமான, ஒல்லியான துடுப்புப் படகு. கூடாரம், சமையல் சாமான், குழந்தை குட்டி எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு காட்டு ஏரிக்குப் போய், நாலு நாள் தங்கிவிட்டு வருவது அந்த ஊர்க் கோடைப் பழக்கம். டொராண்டோ பக்கம் குடியேறிய நம்மவர்களில் சிலருக்கும் இந்த ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. மகள் வீட்டுக்குப் போன தாத்தா, பாட்டியையும் "சும்மா உட்கார்ந்து வந்தாப் போதும்" என்று கூட்டிப் போகிறார்கள். ஆகவே இது உங்களுக்கும் சம்பந்தமுள்ள விஷயம்தான்!

பழகிய ஏரியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எங்கே கரை ஏறலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புது ஏரியில் அந்த அனுபவம் கைகொடுக்காது. போட்டோவில் அழகாக இருக்கிறதே என்று ஏரியைத் தேர்ந்தெடுத்தால் அவஸ்தைதான். வீட்டில் யாருக்கு என்ன வயசு, யாருக்கு என்ன உடம்பு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டொராண்டோவிலிருந்து காரில் வடக்கே மூன்று மணி நேரம் போனால் அல்கோன்குவின் பூங்கா. 1893-ல் ஏற்படுத்தப்பட்டது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைக்காதீர்கள். 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, அதற்குள் 2,000-க்கும் அதிகமான ஏரிகள். இத்தனையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஏரியின் அளவையும் அது படுத்திருக்கும் திசையையும் பாருங்கள். இந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று. கிழக்கு மேற்காக நீண்டு, நடுவில் தீவு ஏதும் இல்லாமல் திறந்து கிடக்கும் ஏரியில் காற்று ஓடிவரும் தூரம் அதிகம். தூரம் கூடக்கூட அலையும் உயரும். கேனோவின் விளிம்போ தண்ணீருக்கு மேலே ஒரு முழம்கூட இருக்காது. பூங்காவிலேயே பெரிய ஏரி ஓபியாங்கோ. பார்க்கப் பிரமாதம்! ஆனால் மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பினால் கைதேர்ந்தவர்களே கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, வளைவும் நெளிவுமாக, தீவுகள் உள்ள சிறிய ஏரிதான் நல்லது. எந்த ஏரியானாலும் காலையிலேயே கிளம்பி, கரையை ஒட்டியே போய், மதியத்துக்குள் கூடாரம் போட்டுவிடுங்கள்.

காற்றைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் தண்ணீரின் குளிர். இதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஏரிகளில் பனிக்கட்டி உடைவதே ஏப்ரல் கடைசி வாக்கில்தான். மே மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கும். சட்டையைக் கழற்றலாமா என்று தோன்றும். ஆனால் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அதில் விழுந்தால் முதலில் என்ன நடக்கும் தெரியுமா? உடம்பு விறைத்துப் போவதல்ல, மூச்சு திணறும். தோலில் திடீரென்று குளிர் பட்டதும் நம்மையறியாமல் 'ஹக்' என்று மூச்சை இழுக்கிறோம். அந்தக் கணம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கிவிடுவது இதனால்தான்.

கனடாவில் இதை '1 - 10 - 1' என்று கற்றுக்கொடுக்கிறார்கள். உறைநிலைக்கு அருகில் உள்ள தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிஷம். கை கால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிஷம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் நிமிஷத்தைத் தாண்ட உதவுவது மிதவைச் சட்டை ஒன்றுதான். ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவில் படகில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் படகில் இருந்து என்ன பிரயோஜனம்? உடம்பில் இருக்க வேண்டும். குழந்தைக்குக் கால் இடுக்கு வழியாகப் பட்டி வரும் சட்டையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் சட்டை மேலே வரும், குழந்தை கீழே நழுவும். பாட்டிக்கும் அன்று புடவை வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சுடிதாரோ டிராக் பேண்ட்டோ போடச் சொல்லுங்கள்.

மே, ஜூனைத் தள்ளிவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மே பாதியிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ மொய்க்கும். கடித்த இடத்தில் ரத்தம் கசியும், குழந்தைகளுக்குக் காதோரம் வீங்கிவிடும். பின்னாலேயே கொசு. ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் பூச்சியும் குறைவு, தண்ணீரும் குளிக்கிற சூட்டில் இருக்கும். பூச்சி மருந்து வாங்கும்போது டப்பாவில் 'டீட்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு அது கூடவே கூடாது. 12 வயது வரை 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது கனடா சுகாதாரத் துறையின் யோசனை. உண்ணி கடித்தால் லைம் காய்ச்சல் வரலாம். தினமும் ராத்திரி குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடிக்குள் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து 'போர்ட்டேஜ்'. ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் மூட்டையையும் தலைமேல் தூக்கிக்கொண்டு நடக்கும் காட்டுப் பாதைக்கு இந்தப் பெயர். வரைபடத்தில் தூரம் மீட்டரில் போட்டிருக்கும். 500 மீட்டர்தானே என்று நினைப்பீர்கள். சாமானை ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. ஒரு தடவை போய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி போக வேண்டும். ஆக ஒன்றரை கிலோமீட்டர்! அதுவும் வேரும் கல்லும் சேறுமாக. தாத்தாவுக்கு முழங்கால் வலி, பேரனுக்கு ஆறு வயசு என்றால் போர்ட்டேஜே இல்லாத ஏரி, மிஞ்சிப் போனால் ஒரே ஒரு சின்னப் போர்ட்டேஜ். ராக் ஏரியிலிருந்து பென் ஏரிக்குப் போகும் பாதை சுமார் 375 மீட்டர். ஒரு குடும்பம் சமாளிக்கக்கூடியது அது. கேனோ ஏரியும் சுலபம்தான், ஆனால் கூட்டம். தனிமை வேண்டும் என்று பிள்ளைகள் மூன்று போர்ட்டேஜ் தள்ளி ஒரு ஏரியைக் காட்டினால் ஒன்று யோசியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அந்த மூன்றையும் இருட்டில் எப்படித் தாண்டுவீர்கள்? காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் பேசாது. மேற்குப் பக்க ஏரிகள் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஹன்ட்ஸ்வில் ஊருக்குத்தான் வர வேண்டும். மோட்டார் படகு வரும் ஏரி இரைச்சல்தான். ஆனால் வயதானவர்களோடு முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த இரைச்சலே ஒரு தைரியம்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் கவனிக்க வேண்டும். துடுப்புப் போடுவது நல்ல உடற்பயிற்சி, சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். குளுக்கோஸ் மிட்டாய் மூட்டையில் இருந்தால் போதாது, பாக்கெட்டில் இருக்க வேண்டும். இன்சுலினை வெயிலில் காயவிடாதீர்கள். எல்லா மருந்தையும் இரண்டு பங்காகப் பிரித்து, தண்ணீர் புகாத இரண்டு பைகளில், இரண்டு படகுகளில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தால் இன்னொன்று! டோஸை மாற்றுவது பற்றிப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம். சுற்றுலா விசாவில் போன பெற்றோருக்கு அந்த ஊர் அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடையாது. தனியாக எடுத்த பாலிசி இந்த மாதிரிப் பயணத்துக்கும் செல்லுமா என்று படித்துப் பாருங்கள்.

ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஜியார்டியா என்ற கிருமி இருக்கலாம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் அது செத்துவிடும். ஆனால் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. அங்கே குளிக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சேதி. காட்டுப் பகுதிக்குள் டின், கண்ணாடி பாட்டில் கொண்டுபோகத் தடை. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்! புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி இருந்தால் மூன்று நாள் கவலையில்லை. வாசனைக்குக் கரடி வரும் என்பதால் சாப்பாட்டுப் பை, பற்பசை உட்பட எல்லாவற்றையும் கூடாரத்தை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் விலக்கித் தொங்கவிடுங்கள்.

இடம் பதிவு செய்யும்போது உங்களுக்குக் கிடைப்பது ஏரிதான், குறிப்பிட்ட இடம் அல்ல. அந்த ஏரியில் காலியாக உள்ள முகாமில் முதலில் போகிறவர் தங்கலாம். சீக்கிரம் கிளம்ப இதுவும் ஒரு காரணம். ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளில் காற்று பலமாக அடித்தால், திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதே என்று படகை இறக்காமல் இருக்க அந்த ஒரு நாள் அரிசி உதவும். எந்த ஏரி, எந்த வழி, என்றைக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் போலீசுக்குச் சொல்லலாம் என்பதை எழுதி, ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.