வேர்க்காத வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்கள் முதலில் கேட்பது, "உங்க ஊர்ல வெயில் எப்படி?" என்பதுதான். நம்மவர்கள் சொல்லும் பதிலும் ஏறக்குறைய ஒன்றேதான். "42 டிகிரி. ஆனா மெட்ராஸ் மாதிரி கசகசப்பு கிடையாது. வேர்க்கவே வேர்க்காது." லாலாகுடாவில் 35 கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த 42 டிகிரியைக் கண்டு எனக்குப் பயமில்லை. நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கண்டுதான் பயம்.

வேர்க்காமல் இருப்பதில்லை. வேர்க்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நம் உடம்பு சூட்டை வெளியேற்றுவதற்கு வைத்திருக்கும் பெரிய வழி வியர்வை. அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, சட்டை நனைகிறது, தாகம் எடுக்கிறது, "அப்பாடா" என்று நிழலில் உட்கார்ந்து விடுகிறோம். ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல், தக்காணப் பீடபூமியின் பாறைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடற்காற்று இங்கே எட்டாது. மே மாதத்தில் வீசுவது வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. தோலில் வியர்வை அரும்பிய மாத்திரத்தில் இந்தக் காற்று அதைக் குடித்துவிடும். வெயிலில் உழைப்பவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் போகக்கூடும். சட்டையோ காய்ந்தே இருக்கும். உடம்பு மணி அடிக்கிறது. நம் காதில் விழுவதில்லை.

இதே வறட்சியால் ஒரு நன்மையும் உண்டு. ஏர்கூலர் என்ற பெட்டி இந்த ஊரில் வேலை செய்கிறது. மார்ச் மாதத்திலேயே செகந்திராபாத் கடைத்தெருக்களில் தகரக் கூலர்களும், அவற்றின் மூன்று பக்கமும் வைக்கும் மரச்சுருள் தட்டிகளும் வந்து குவிந்துவிடும். வறண்ட காற்று நனைந்த தட்டி வழியாக வரும்போது பத்து டிகிரிக்கு மேல்கூடக் குளிரும். இங்கிருந்து மாற்றலாகிச் சென்னைக்குப் போன நண்பர் ஒருவர் தம் கூலரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மயிலாப்பூரில் அதைப் போட்டதும் வீடு முழுவதும் ஈரம் பிடித்து, அப்பளம் நமுத்துப் போனதுதான் கண்ட பலன் என்று எழுதியிருந்தார். கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். ஏ.சி. என்று நினைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, இரண்டு மணி நேரத்தில் புழுங்கிப் போய் வெளியே வருபவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

லாலாகுடாவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நிஜாம் ரயில்வே காலத்தில், 1893-இல், இங்கே பெட்டிகளைப் பழுது பார்க்கும் தொழிற்சாலை அமைந்தது. அதைச் சுற்றி ரயில்வே குவார்ட்டர்ஸ், வேப்ப மரங்கள், ரயில்வே ஆஸ்பத்திரி, மைதானம். 1966-இல் தென் மத்திய ரயில்வே பிறந்து செகந்திராபாத் தலைமையிடமான பிறகு நம்மவர்கள் இன்னும் வந்து சேர்ந்தார்கள். ஆகவே இங்கே வெயிலைப் பற்றிய பேச்சிலும் ரயில் வராமல் இருக்காது. நானும் விதிவிலக்கல்ல.

இரும்பு சூட்டில் நீளும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால், விட்டால் ஓர் அடிக்கு மேல் நீளும். இப்போது தண்டவாளங்களை இடைவெளியில்லாமல் நீளமாகப் பற்றவைத்து விடுகிறார்கள். நீள இடமில்லாததால் அந்த விசை உள்ளேயே அடங்கிக் கிடக்கும். அளவு மீறினால் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும், வண்டி தடம் புரளும். அதற்காகவே கோடை ரோந்து என்று ஒரு பணி உண்டு. தண்டவாளத்தின் சூடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதன் வழியே ஆட்கள் நடந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் வீட்டுக்குள் முடங்கும் அதே நேரத்தில்தான் அவருக்கு வேலை. நாம் சதாப்தியில் குளுகுளுவென்று உட்கார்ந்து சமோசா சாப்பிடும்போது, ஜன்னலுக்கு வெளியே தலையில் துண்டோடு ஒதுங்கி நிற்பவர் அவர். அந்தப் பணியில் இருந்த ஒருவர் வழக்கமாக எங்கள் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார். பாட்டிலைச் சுற்றி ஈரச் சாக்கைத் தைத்து வைத்திருந்தார். "தாகம் எடுத்துக் குடிச்சா லேட்டு சார், ஒவ்வொரு சிக்னலுக்கும் ரெண்டு மடக்கு" என்பது அவர் கணக்கு. எந்த டாக்டரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தெலுங்கில் வெப்பக் காற்றை 'வடகால்பு' என்பார்கள். நம்மவர்கள் முதலில் இதை வடக்கிலிருந்து வரும் காற்று என்றே புரிந்துகொள்கிறார்கள். அர்த்தம் அதுவல்ல, 'வட' என்றால் வெயிலின் வெப்பம். ஆனால் காற்று வருவதும் ஏறக்குறைய அந்தத் திசையிலிருந்துதான் என்பதால் தப்பான அர்த்தமும் ஒருவகையில் சரியாகிவிடுகிறது! அந்த வெப்பம் அடித்து விழுவது 'வடதெப்ப'. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கிறது. 45-ஐ எட்டிவிட்டால் வழக்கத்தோடு ஒப்பிடாமலே அறிவிப்பு வந்துவிடும். ஹைதராபாத்தின் உச்சம் 1966 ஜூன் 2-ஆம் தேதி பதிவான 45.5 டிகிரி. அந்த உச்சத்தைத் தொடாத வருஷங்களில்தான் பெரிய சாவுகள் நடந்தன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஒன்றாயிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் 2002 மே மாதம் 1,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 2003-இல், 3,000-க்கு மேல். மாநிலம் பிரிந்தபின் 2015 மே மாதத்தில் ஆந்திரம், தெலங்கானா இரண்டிலும் சேர்த்து இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்.

யார் அவர்கள்? கூலி வேலைக்காரர்கள், வயல் வேலைக்காரர்கள், வீடில்லாதவர்கள், முதியவர்கள். இந்தக் கணக்கிலும் வராதவர்கள் உண்டு. வெயிலால்தான் இறந்தார் என்று வருவாய் அதிகாரி, மருத்துவ அதிகாரி, காவல் உதவி ஆய்வாளர் மூவரும் சேர்ந்து உறுதி செய்தால்தான் நிவாரணம். வெயிலில் அலைந்துவிட்டு வந்து இரவில் மாரடைப்பில் போன பெரியவரை யார் கணக்கில் எழுதுவது? ஆமதாபாத் நகரத்தில் 2010 மே மாதம் இறந்தவர்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிய வந்தது. 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்ததற்கு அந்த எண்தான் காரணம்.

அந்த 2015 மே மாதம் எங்கள் தெருவிலேயே ஒன்று நடந்தது. இரண்டு வீடு தள்ளி இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு மாயவரத்திலிருந்து பெரியவர் வந்திருந்தார். எழுபத்தி நாலு வயது, ஒல்லியான தேகம், காவிரிக்கரையில் வயல் வரப்பில் நடந்து பழகியவர். ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கிறேன் என்று காலையில் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனவர், வரிசையில் நின்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டாரே என்று பன்னிரண்டரை மணிக்கு நடந்தே திரும்பினார். வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வெயில் ஒண்ணும் தெரியல தம்பி, பாருங்க, ஒரு சொட்டு வேர்வை இல்லே" என்று கையை நீட்டிக் காட்டினார். கால் மணி நேரத்தில் அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெரியவர் மகனை, என்றைக்கோ இறந்துபோன தம் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். தொட்டால் தோசைக்கல்.

வீட்டார் பி.பி. என்று நினைத்து மாத்திரையைத் தேடினார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா எட்டிப் பார்த்தவர், "வடதெப்ப!" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, பெரியவரை அப்படியே முற்றத்தில் கிடத்தச் சொல்லி, சட்டையோடு தலையிலிருந்து கால்வரை இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஃபிரிட்ஜில் இருந்த ஐஸையெல்லாம் துணியில் கட்டி அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வைக்கச் சொன்னார். நாங்கள் விசிறினோம். மருமகள் மோர் கொண்டு வந்தபோது அந்த அம்மா தடுத்துவிட்டார். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். 108 வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எட்டு நாள் இருந்து பிழைத்து வந்தார். வண்டி வருவதற்குள் குளிர வைத்ததுதான் காப்பாற்றியது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். உடம்பின் சூடு 40 டிகிரிக்கு மேல் போய்ப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. முதலில் தண்ணீர் ஊற்றுவது, பிறகு மற்றதெல்லாம்.

கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியை அழைத்து வருவது நம் குடும்பங்களில் வழக்கம். அவர்கள் வருவதும் சரியாக மே மாதத்தில்தான். வயதானால் தாகம் மந்தமாகிவிடுகிறது; இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். இவர்களை ஊரிலிருந்து வந்த களைப்போடு இந்த வறண்ட வெயிலில் விட்டால் என்ன ஆகும்? மாத்திரை அளவைப் பற்றிப் புறப்படும் முன்பே அங்குள்ள டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது. நாமாகக் குறைக்கக் கூடாது.

அடுத்தது வடாம். இதைச் சொன்னால் வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்காது, இருந்தாலும் சொல்கிறேன். இந்த ஊர் வெயிலில் வடாம் ஒரே நாளில் கலகலவென்று காயும் என்பதால், நம் பெண்மணிகள் மொட்டை மாடியில் கூழைப் பிழிந்துவிட்டுக் காக்கைக்குக் காவலாக உச்சி வெயிலில் உட்காருகிறார்கள். ஆறு மணிக்குப் பிழிந்து, வலையைப் போட்டு மூடிவிட்டுக் கீழே வந்துவிடலாமே. எதிர்வீட்டு அம்மா ஆவக்காய்க்கு மிளகாய் காயப்போடுவதை அப்படித்தான் செய்கிறார்.

இந்த ஊர்க்காரர்கள் வெயிலோடு வாழக் கற்றவர்கள். மார்ச் பாதியிலேயே பள்ளிகள் ஒருவேளைப் பள்ளியாகிவிடும். நம் தண்ணீர்ப் பந்தலுக்கு இங்கே 'சலிவேந்திரம்' என்று அழகான பெயர். சலி என்றால் குளிர்ச்சி. மண்பானையும் டம்ளருமாக மெட்டுகுடாவிலும் தார்நாகாவிலும் பார்க்கலாம். காலையில் ராகி அம்பலி, பகலில் உப்புப் போட்ட நீர்மோர், சாயங்காலம் முஞ்சலு, அதாவது நம் நுங்கு. நம்மவர்கள் பலர் அதே வெயிலில் வந்து சுடச்சுடக் காப்பி கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர்.

மாறிப்போனது இரவு. முன்பெல்லாம் பகல் எவ்வளவு கொளுத்தினாலும் பத்து மணிக்குப் பிறகு மொட்டை மாடியில் போர்வை தேடுவோம். இன்று கான்கிரீட் கூரைகள் பகலில் குடித்த சூட்டை விடியும்வரை கக்குகின்றன. கடைசி மாடி வாடகை குறைவு என்று குடி வருபவர்கள் முதல் கோடையிலேயே காரணத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். இரவில் உடம்பு ஆறாவிட்டால் மறுநாள் வெயில் இரட்டிப்பாகத் தாக்கும். அமெரிக்காவின் சிகாகோவில் 1995 ஜூலையில் 700-க்கு மேற்பட்டவர்கள் இப்படித்தான் மாண்டார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருட்டுப் பயத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சூட்டிலேயே கிடந்தவர்கள். பணக்கார தேசம்தான், எட்டிப் பார்க்க எதிர்வீட்டு அம்மா இல்லை. கூரைக்கு வெள்ளை பூசினால் உள்ளே சில டிகிரி குறையும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டு வந்தது. மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பிப்ரவரியிலேயே பேச்சை எடுங்கள். ஏப்ரலில் கேட்டால் சுண்ணாம்பு அடிக்க ஆள் கிடைக்காது.

தமிழ்நாடு 2024 அக்டோபரிலும், தெலங்கானா 2025 ஏப்ரலிலும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தன. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வீட்டு வேலைக்கு வருபவர், இஸ்திரி போடுபவர், வாட்ச்மேன் இவர்களுக்கெல்லாம் இது தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் இஸ்திரிக்காரர், "அதுக்கு நான் செத்துப்போகணுமா சார்?" என்று கேட்டார். கரிப்பெட்டியோடு தகரக் கூரையின் கீழ் நிற்பவர் அவர். இப்போது எங்கள் தெருவில் பேசி வைத்து, மே மாதத்தில் காலை பத்தரைக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டும் துணி கொடுக்கிறோம். அலுவலகச் சட்டை ஒருநாள் தாமதமானால் ஒருநாள் பழைய சட்டை.

கத்திரி முடிந்தால் தப்பித்தோம் என்பது நம்மூர்க் கணக்கு. மே 28-ஆம் தேதி பெருமூச்சு விட்டுவிடுவோம். இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் அப்போதுதான் ரோஹிணி கார்த்தெ நடந்துகொண்டிருக்கும். உரலே வெடிக்கும் வெயில் என்று சொல்லும் பதினைந்து நாட்கள். 1966-இன் அந்த உச்சமும் அதற்குள்தான் வந்தது. ஜூன் 8-ஐ ஒட்டி மிருகசிர கார்த்தெ பிறக்கும். அன்று தெலுங்கு வீடுகளில் மீன் குழம்பு மணக்கும், நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் ஆஸ்துமாவுக்கு மீன் பிரசாதம் வாங்கக் கூட்டம் நெருக்கும். முதல் மழை விழுந்துவிட்டதே என்று உடனே கூலரைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்.