கடலே இல்லாத கோவையில் கடற்படை! நம்ம வீட்டுப் பிள்ளை அதிகாரி ஆவது எப்படி?

கோவை:

கடலைப் பார்க்க வேண்டும் என்றால் கோவைக்காரர்கள் கேரளாவுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் ஊருக்கு நடுவே ரெட்பீல்ட்சில் 'ஐ.என்.எஸ். அக்ரானி' என்ற கடற்படை மையம் இருக்கிறது. கப்பலே இல்லாத ஊரில் நேவிக்கு என்ன வேலை? பதவி உயர்வு பெறும் மாலுமிகளுக்கு தலைமைப் பண்பு பயிற்சி தருவதுதான் இங்குள்ள வேலை.

சூலூருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1961 செப்டம்பர் 5-ந்தேதி கடற்படையின் 'ஐ.என்.எஸ். ஹன்சா' விமான தளம் அங்குதான் தொடங்கியது. விக்ராந்த் கப்பலில் இருந்து பறக்க வேண்டிய ஜெட் விமானிகள் சூலூரில்தான் பழகினார்கள். கோவா விடுதலைக்குப் பிறகு, 1964-ல் தளம் அங்கே போய்விட்டது.

அன்று இங்கிலாந்து... இன்று எழிமலை

மாலுமி வேறு, அதிகாரி வேறு. அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சி. வெள்ளைக்காரன் காலத்தில் இதற்காக இங்கிலாந்துக்கு கப்பல் ஏற வேண்டும். சுதந்திரம் கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் இதே கதைதான்.

1949-ல் டேராடூனில் முப்படைக்கும் சேர்த்து பயிற்சி தொடங்கியது. அதுவே 1955-ல் புனே அருகே கடக்வாஸ்லாவில் தேசிய பாதுகாப்பு அகாடமி ஆனது. கடற்படைக்கென தனி அகாடமி 1969-ல் கொச்சியில் தொடங்கி, 1986-ல் கோவாவுக்கு மாறி, 2009-ல் கண்ணூர் அருகே எழிமலையில் நிலையாக அமைந்தது. கடக்வாஸ்லாவில் 3 வருடம், எழிமலையில் 1 வருடம், பிறகு கப்பலில் பயிற்சி. இதுதான் இப்போதைய பாதை.

அமராவதிநகர் வாசல்

இந்தப் பாதைக்கு ஒரு வாசல் நம்ம பக்கமே இருக்கிறது. உடுமலை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி, 1962-ல் தொடங்கியது. 6, 9-ம் வகுப்புகளில் நுழைவுத் தேர்வு மூலம் சேரலாம். 6-ம் வகுப்பு தேர்வை தமிழிலும் எழுதலாம். பெண் பிள்ளைகளும் சேரலாம். கட்டணம் உண்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் உண்டு.

மற்ற பள்ளி மாணவர்களுக்கும் கதவு மூடவில்லை. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு 2 முறை என்.டி.ஏ. தேர்வு நடத்துகிறது. எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க், நேர்முகத் தேர்வுக்கு 900 மார்க். அப்புறம் மெடிக்கல். தேர்வானால் படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம், யூனிபார்ம் எல்லாம் அரசு செலவு. பாக்கெட் மணி போன்ற சில்லறைச் செலவு மட்டும் வீட்டில் பார்க்க வேண்டும். 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தனர்.

கோட்டை விடுவது எங்கே?

கடற்படைக்கு பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். காமர்ஸ் படித்தவர்கள் தரைப்படைக்கு மட்டுமே போக முடியும். வயது 16½ முதல் 19½ வரை. கேள்வித்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே வரும், தமிழில் கிடையாது. தமிழ் மீடியம் பிள்ளைகள் இங்குதான் திணறுகிறார்கள்.

எனவே பிளஸ்-2 முடித்த பிறகு விசாரித்தால் லேட். பிளஸ்-1 அட்மிஷனில் 'என்ன குரூப் வேணும்?' என்று கேட்கும்போதே பெற்றோர் இதை யோசித்து வைப்பது நல்லது.