மீண்டும் அடைக்கும் கால் தமனி: கதிர்வீச்சு தடுக்குமா?

சற்றுத் தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி குறையும். காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் கொழுப்புப் படிந்து, பாதை குறுகிவிட்டதற்கான அறிகுறி இது. புகைப்பவர்களையும் நீரிழிவு நோயாளிகளையும் அதிகம் தாக்கும். முற்றினால் காலையே இழக்க நேரிடலாம்.

1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், 82 வயது மூதாட்டி ஒருவர் காலைத் துண்டிக்கச் சம்மதிக்கவில்லை. டாக்டர் சார்ல்ஸ் டாட்டர் அவரது தமனிக்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். கால் தப்பியது. பின்னாளில் குழாயின் இடத்தைப் பலூன் பிடித்துக்கொண்டது.

பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் காயப்படுகிறது. அதை ஆற்ற, சுவரிலுள்ள தசை உயிரணுக்கள் பெருகுகின்றன. தோலில் காயம் ஆறிய பின் தடித்த தழும்பு மிஞ்சுகிறதல்லவா? ஏறக்குறைய அதுபோல, தமனிக்குள்ளும் திசு தடித்துச் சில மாதங்களில் பாதையை மறுபடியும் குறுக்கிவிடும்.

கதிர்வீச்சு, உயிரணுவின் டிஎன்ஏவைச் சிதைத்து அது பிரிவதைத் தடுக்கும். புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் இந்த உத்தியை, 1990இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் மருத்துவர்கள் கால் தமனிக்குள் கொண்டுசென்றனர். கம்பி நுனியில் பொருத்திய இரிடியம்-192 துணுக்கை, ஓர் இயந்திரம் குழாய் வழியாக உரிய இடத்துக்குத் தள்ளும். சில நிமிடங்களில் திரும்ப இழுத்துக்கொள்ளும். நோயாளியின் உடலில் கதிரியக்கப் பொருள் எதுவும் தங்காது. இரிடியம்-192இன் அரை ஆயுள் சுமார் 74 நாள். ஆகவே துணுக்கை அடிக்கடி மாற்ற வேண்டும், செலவும் கூடும்.

பலன் கிடைத்ததா? வியன்னாவில் 113 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு பலூன் மட்டும் பெற்றவர்களில் சுமார் 54 விழுக்காட்டினருக்குத் தமனி மீண்டும் சுருங்கியிருந்தது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 28 விழுக்காடுதான். மருத்துவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை! சுருக்கம் தள்ளிப்போயிருந்ததே தவிர, நின்றுவிடவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தமனியின் உட்புறத்தை வழுவழுப்பாக மூடியிருக்கும் மெல்லிய படலமும் காயத்துக்குப் பின் புதிதாக வளர வேண்டும். கதிர்வீச்சுக்கு நல்ல உயிரணு எது, தொல்லை தரும் உயிரணு எது என்று தெரியாது. படலம் மூடாத இடத்தில், குறிப்பாக ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் வைத்த இடத்தில், பல மாதங்கள் கழித்தும் இரத்தம் உறையலாம்.

இப்போது பல மருத்துவமனைகளில் மருந்து பூசிய பலூன் அந்த வேலையைச் செய்கிறது. பூசப்படும் பாக்லிடாக்சல், பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புற்றுநோய் மருந்து. உயிரணு இரண்டாகப் பிரியத் தொடங்கும்போது அதைப் பாதியில் நிறுத்துவதுதான் அதன் வேலையும்.