பாய்லர் கொதிக்கிறது, வீடு நடுங்குகிறது!

குளிர் நாட்டு வீட்டின் "இதயம்" நின்று விட்டால் என்ன செய்வது?

ஜனவரி மாதம். இங்கிலாந்தில் ஒரு வீடு. இரவு மணி 10.

வெளியே பனி கொட்டுகிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் இறுகச் சாத்தப்பட்டு இருக்கின்றன.

வீட்டுக்குள்ளே ஒரு கைக்குழந்தை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி.

திடீர் என்று வீடு குளிர ஆரம்பிக்கிறது. பாட்டி கம்பளியை இழுத்துப் போர்த்திக் கொள்கிறாள். குழந்தை அழுகிறது.

வீட்டுக்காரர் பாய்லரிடம் ஓடுகிறார். அதன் அருகே உள்ள குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். சுடுகிறது! பாய்லர் எரிகிறது. சிறிது நேரத்தில் தானாகவே அணைகிறது. மறுபடியும் எரிகிறது. மறுபடியும் அணைகிறது.

பாய்லரில் வெந்நீர் இருக்கிறது. ஆனால் வீட்டில் சூடு இல்லை. இது என்ன மாயம்?

மாயம் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பம்பு நின்று விட்டது. அவ்வளவுதான்!

குளிர் காலத்தில் அந்த நாட்டில் இப்படி நடப்பது உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று லண்டனில் குடித்தனம் நடத்துகிறார்கள். பேரனையும் பேத்தியையும் பார்க்க இங்கிருந்து தாத்தா, பாட்டிகள் போகிறார்கள். ஆகவே, இந்தப் பம்பின் கதையை நாமும் தெரிந்து கொள்ளுவது நல்லது.

சுவரில் வெந்நீர்ப் பெட்டி

நமக்கு வெந்நீர் என்றால் குளிப்பதற்கு. அங்கே வெந்நீர், வீட்டைச் சூடாக்குவதற்கும் பயன்படுகிறது.

ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே, இரும்புத் தகட்டால் செய்த தட்டையான பெட்டி ஒன்று சுவரில் மாட்டப்பட்டு இருக்கும். இதன் பெயர் ரேடியேட்டர். பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியாக இந்தப் பெட்டிக்குள் வருகிறது. சூட்டை அறைக்குக் கொடுக்கிறது. ஆறிய தண்ணீர் வேறு குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்புகிறது. மறுபடியும் சூடாகிறது. மறுபடியும் புறப்படுகிறது.

அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உடம்பில் இரத்தம் ஓடுவது போல!

இந்தத் தண்ணீரை ஓட்டும் இதயம்தான் அந்தப் பம்பு.

ராட்டினம் போல!

நம் ஊர்க் கிணற்று மோட்டார் பெரியது. இந்தப் பம்போ கையில் அடங்கிவிடும். இது எப்படி மாடி வீட்டுக்கே தண்ணீரை அனுப்புகிறது?

திருவிழாவில் ராட்டினம் பார்த்து இருக்கிறீர்கள் அல்லவா? ஒரு பக்கம் தொட்டில் மேலே போகிறது. மறு பக்கம் தொட்டில் கீழே வருகிறது. இரு பக்கமும் பாரம் சமமாக இருந்தால், லேசாகத் தள்ளினாலே போதும். சுற்றும்.

இதுவும் அப்படித்தான். ஒரு குழாயில் தண்ணீர் ஏறுகிறது. மறு குழாயில் இறங்குகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரைத் தூக்குகிறது. இந்தப் பம்பு தூக்குவது இல்லை, தள்ளி விடுகிறது!

முன்பு பம்பே கிடையாது. சூடான தண்ணீர் லேசானது. அது தானே மேலே ஏறும். ஆறினால் இறங்கும். ஆனால் அதற்குப் பருத்த குழாய்கள் வேண்டும். சூடு பரவ வெகு நேரம் ஆகும்.

1928-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஓப்லெண்டர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். வெந்நீர்க் குழாயிலேயே மின்சார மோட்டாரைப் பொருத்தித் தண்ணீரை வேகமாக ஓடச் செய்தார். 1929-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பம்பு வந்த பிறகு குழாய்கள் மெலிந்தன. இங்கிலாந்து வீடுகளில் 15 மில்லி மீட்டர், 22 மில்லி மீட்டர் செப்புக் குழாய்களே பெரும்பாலும் போதுமானவை ஆகிவிட்டன.

ஏன் நின்றது?

இந்தப் பம்பில் ஓர் அதிசயம் உண்டு. மோட்டாரின் சுழலும் பகுதி தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது! அதற்கு எண்ணெய் வேண்டாம். ஓடுகிற தண்ணீர்தான் எண்ணெய். மின்சாரக் கம்பிச் சுருளையும் தண்ணீரையும் ஒரு மெல்லிய உலோகச் சுவர் பிரிக்கிறது.

அதிசயம் எதுவோ, அதுவே ஆபத்தும் கூட.

குழாயிலும் ரேடியேட்டரிலும் உள்ள இரும்பு நாளடைவில் துருப் பிடிக்கும். அந்தத் துரு கறுப்புச் சேறாக மாறித் தண்ணீரோடு சுற்றும். பம்பு ஓடிக் கொண்டு இருக்கும் வரையில் தொல்லை குறைவு.

கோடை வருகிறது. வீட்டைச் சூடாக்க வேண்டியது இல்லை. பம்பை நிறுத்தி விடுகிறார்கள். நான்கைந்து மாதம் அது தூங்குகிறது. சேறு படிந்து இறுகுகிறது.

குளிர் காலம் வந்ததும் பொத்தானைத் தட்டினால் பம்பு அசைய மறுக்கிறது!

பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. தண்ணீர் நகரவில்லை. ஆகவே சூடு அளவுக்கு மீறி ஏறுகிறது. உடனே பாதுகாப்புக் கருவி பாய்லரை அணைத்து விடுகிறது. அது நல்லதுக்குத்தான். ஆனால் பார்ப்பவர்கள், "பாய்லர் கெட்டு விட்டது" என்று நினைத்து விடுகிறார்கள்.

பாய்லரை மாற்றுவது என்றால் பெரும் செலவு. ஒரு திருப்புளியால் சரியாகக் கூடிய கோளாறுக்காகப் பாய்லரையே மாற்றலாமா?

குற்றவாளி பம்புதானா?

அவசரப்பட்டுப் பம்பின் மேல் பழி போடவும் கூடாது. வரிசையாகப் பாருங்கள்.

முதலில், மின்சாரம் வருகிறதா? பியூஸ் போய் இருக்கிறதா? நேரம் காட்டும் கருவியும், அறையின் சூட்டை அளக்கும் தெர்மாஸ்டாட்டும் சரியாகத் திருப்பி வைக்கப்பட்டு இருக்கின்றனவா? பல "கோளாறு"கள் இங்கேயே தீர்ந்து விடும்.

அடுத்து, தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் இது இருக்காது. இருந்தால், தண்ணீர் ஆறி இருக்கும் போது பொதுவாக 1-க்கும் 1.5-க்கும் இடையே நிற்க வேண்டும். மிகவும் கீழே இறங்கி இருந்தால் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது.

பிறகு ரேடியேட்டர்களைத் தொட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் குளிர்ந்து இருந்தால், கோளாறு அந்த ஒன்றில்தான்.

மேல் பாதி மட்டும் குளிர்ந்து இருந்தால், உள்ளே காற்று அடைத்து இருக்கிறது. பம்பை நிறுத்தி விட்டு, ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள திருகைச் சின்னச் சாவியால் மெல்லத் திறந்தால், "உஸ்" என்று காற்று வெளியேறும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடி விடுங்கள்.

கீழ்ப் பகுதி மட்டும் குளிர்ந்து இருந்தால், சேறு படிந்து இருக்கிறது.

குளியல் அறைக் குழாயில் வெந்நீர் நன்றாக வருகிறது. ரேடியேட்டர் மட்டும் எல்லாமே சில்லென்று இருக்கின்றன என்றால், வெந்நீருக்கு வழி திறந்து விடும் வால்வு சிக்கி இருக்கலாம்.

பாய்லர் பக்கத்துக் குழாய் கொதிக்கிறது. ரேடியேட்டர் எல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. அல்லது மாடியில் மட்டும் லேசான சூடு இருக்கிறது. அப்போது பம்பைச் சந்தேகிக்கலாம்.

குழாயை இறுகப் பிடித்து விடாதீர்கள். தோல் வெந்து விடும். விரலின் பின்புறத்தால் பட்டும் படாமலும் தொடுங்கள்.

காது கொடுங்கள்!

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிறார் அல்லவா? பம்புக்கும் அந்த வைத்தியம் உண்டு.

நீளமான திருப்புளியின் நுனியைப் பம்பின் உடலில் வையுங்கள். பிடியைக் காதருகே வையுங்கள்.

மெல்லிய, சீரான ஓசை கேட்டால் பம்பு சுற்றுகிறது.

"ம்ம்ம்" என்று முனகல் மட்டும் கேட்டு, பம்பின் உடலும் அதிகமாகச் சுட்டால், மின்சாரம் வருகிறது. ஆனால் பம்பு சிக்கிக் கொண்டு விட்டது.

கூழாங்கல் உருளுவது போலக் கேட்டால், உள்ளே காற்று.

சத்தமே இல்லை என்றால், மின்சாரம் வரவில்லை. அல்லது மோட்டார் எரிந்து விட்டது.

எழுப்புவது எப்படி?

சிக்கிக் கொண்ட பம்பைப் பல சமயம் எழுப்பி விடலாம். பம்பு பாய்லருக்கு வெளியே, தனியாக இருக்கும் வீட்டில் மட்டுமே இதைச் செய்யலாம்.

பாய்லரையும் பம்பையும் நிறுத்துங்கள். மின்சாரத்தை அடியோடு துண்டித்து விடுங்கள். தண்ணீர் ஆறும் வரையில் காத்திருங்கள்.

பழைய மாதிரிப் பம்பின் முகத்தில், நடுவில் பெரிய திருகு ஒன்று இருக்கும். கீழே துணியைப் பிடித்துக் கொண்டு அதைக் கழற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் சொட்டும். பயப்படாதீர்கள்.

உள்ளே தண்டின் முனை தெரியும். அதில் ஒரு பிளவு இருக்கும். திருப்புளியை அதில் வைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருப்புங்கள். முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு "கிறுக்" என்று விடும். தடை இல்லாமல் சுற்றியதும் திருகை மூடி, மின்சாரத்தைக் கொடுங்கள்.

சுத்தியலால் ஓங்கி அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம்!

புதிய மாதிரிப் பம்புகள் சிலவற்றில் இந்தத் திருகு கிடையாது. தம்மைத் தாமே விடுவித்துக் கொள்ளும் ஏற்பாடு அவற்றில் உண்டு.

இங்கே கை வைக்காதீர்கள்

இன்று இங்கிலாந்தில் பல வீடுகளில் பம்பு, பாய்லருக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த மூடியை வீட்டுக்காரர் திறக்கக் கூடாது.

காரணம் என்ன? பாய்லரில் எரிவது வாயு. அது சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே உயிரை விட நேரிடும்.

இங்கிலாந்தில் வாயு பாய்லரில் வேலை செய்ய, "கேஸ் சேஃப்" என்ற பதிவேட்டில் பெயர் உள்ள மெக்கானிக்குக்கு மட்டுமே அனுமதி உண்டு. இந்தப் பதிவேடு 2009-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. அவரிடம் அடையாள அட்டை இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பம்பை மாற்ற வேண்டுமா?

எழுப்பியும் எழவில்லை என்றால், பம்பை மாற்ற வேண்டியதுதான். பம்பை மட்டும்!

பெரும்பாலும் பம்பின் இரு பக்கமும் வால்வு இருக்கும். இரண்டையும் மூடினால், வீட்டுத் தண்ணீர் முழுவதையும் இறக்காமலே மெக்கானிக் பம்பைக் கழற்றி விடுவார்.

புதுப் பம்பின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் ஓடும் திசையை அது காட்ட வேண்டும். தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் நிரம்பிய பிறகுதான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் புதுப் பம்பும் பாழாகும்.

புதுப் பம்பில் ஒரு லாபமும் உண்டு. பழைய பம்பு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். புதியது தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மின்சாரச் செலவு குறையும். 2013-ம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன் இதற்காகவே கடுமையான விதிகளைக் கொண்டு வந்தது.

அந்த இரவைக் கழிப்பது

மெக்கானிக் காலையில்தான் வருவார். இரவை எப்படிக் கழிப்பது?

வீட்டுக்குள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ம் ஆண்டில் கூறியது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிட அதிகமாகவே வேண்டி இருக்கும். குளிர் அதிகமானால் முதியவர்களின் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படும்.

ஆகவே வீடு முழுவதையும் சூடாக்கப் பார்க்காதீர்கள். ஓர் அறையைத் தேர்ந்து எடுங்கள். எல்லோரும் அங்கேயே இருங்கள். மின்சார ஹீட்டரைத் திரைச்சீலைக்கும் படுக்கைக்கும் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்! சாத்திய அறையில் கரி அடுப்பு, எமன்.

ஒரு நிமிட வேலை

இந்தத் தொல்லை வராமல் தடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது.

கோடையிலும் மாதம் ஒரு முறை பம்பைச் சில நிமிடங்கள் ஓட்டி விடுங்கள். செலவு ஒன்றும் இல்லை. புதிய பாய்லர்கள் பல, இதைத் தாமாகவே செய்து விடுகின்றன. துருவைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொல்லுங்கள். சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டியும் கிடைக்கிறது.

அந்த வீட்டுக்கே திரும்புவோம்.

அந்த வீட்டில் பம்பு தனியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டித்தார். தண்ணீர் ஆறட்டும் என்று காத்திருந்தார். திருகைக் கழற்றினார். தண்டைத் திருப்பினார். சிக்கல் விட்டது!

அரை மணி நேரம் கழித்து, பாட்டி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறாள். சுடுகிறது. குழந்தை தூங்கி விட்டது.

ஓடிக் கொண்டு இருக்கும் பம்பு, ஓடிக் கொண்டே இருக்கும். சும்மா கிடந்த பம்புதான் சிக்கிக் கொண்டது.

இது பம்புக்கு மட்டும்தானா?