பிரதான பாதை விலகிப்போன ரயில் நகரம்

புது தில்லி: பிகார் மாநிலம் முங்கேர் மாவட்டத்தில் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஜமால்பூர், ரயில்வேயால் பிறந்த ஊர். 1862-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி ஈஸ்ட் இந்தியன் ரயில்வே நிறுவனம் இங்கு பணிமனையைத் தொடங்கியது. அன்றுமுதல் இவ்வூரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கொல்கத்தாவும் தில்லியும்தான் தீர்மானித்து வந்துள்ளன.

ஹவுராவில் நடந்த என்ஜின் பழுதுபார்ப்புப் பணிக்கு மாற்றிடம் தேவைப்பட்டபோது, கங்கைக் கரையோரமாக தில்லி நோக்கிச் சென்ற பாதையில் இருந்த ஜமால்பூர் தெரிவு செய்யப்பட்டது. இதற்கு முக்கியக் காரணம் அருகிலிருந்த முங்கேர். அதற்கு நூறாண்டுகளுக்கு முன் வங்காள நவாப் மீர் காசிம் தன் தலைநகரை அங்கு மாற்றி ஆயுதச் சாலை நிறுவியிருந்தார். துப்பாக்கி செய்து பழகிய கொல்லர் பரம்பரையின் கைத்திறன் ரயில் என்ஜினுக்கும் பயன்படும் என்ற கணக்கு பொய்க்கவில்லை.

ஆனால், பணிமனை தொடங்கி ஒன்பதே ஆண்டுகளில் ஊருக்கு முதல் அடி விழுந்தது. 1871-இல் ஜாஜா வழியாகக் குறுக்குப் பாதை திறக்கப்பட்டதும் கொல்கத்தா - தில்லி போக்குவரத்து அப்பக்கம் திரும்பியது. ஜமால்பூர் கிளைப் பாதை ஊராயிற்று. வேறோர் ஊராக இருந்திருந்தால் அத்தோடு மங்கியிருக்கும். பணிமனையை அப்படி எளிதில் பெயர்த்துக்கொண்டு போக முடியாதே! இரும்பு உருட்டாலையும் வார்ப்படச் சாலையும் கொண்டு வளர்ந்த அப்பணிமனையில் 1899-இல் 'லேடி கர்சன்' என்ற நீராவி என்ஜினே தயாரிக்கப்பட்டது.

ஊர் வளர்ந்த விதத்தில் ஆட்சியின் நிறமும் கலந்திருந்தது. ஐரோப்பியர்களுக்கு மர நிழல் சாலைகள், பங்களாக்கள், தேவாலயம், நீச்சல் குளம். 1888-இல் இங்கு வந்த ருட்யார்ட் கிப்ளிங் விரிவாக எழுதியது பெரும்பாலும் இந்த ஊரைத்தான். இந்தியத் தொழிலாளர்களில் மிகப் பலருக்கு ஜமால்பூரில் வீடே இல்லை. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் ரயில்களில் வந்து, மாலையில் வயல் சூழ்ந்த தங்கள் வீடுகளுக்கே திரும்பினர்.

1927-இல் தொடங்கிய சிறப்பு வகுப்புப் பயிற்சித் திட்டம், ரயில்வேயின் உயர் பொறியாளர் பதவிகளுக்கு இந்திய இளைஞர்களை இங்கு உருவாக்கியது. பிற்காலத்தில் பள்ளிப் படிப்பு முடித்த மாணவர்களை மத்திய தேர்வாணையம் தேர்ந்தெடுத்து அனுப்பியது. 1934 ஜனவரி நிலநடுக்கம் முங்கேரைத் தரைமட்டமாக்கி ஜமால்பூரையும் உலுக்கியது. ஊர் மீண்டது. விடுதலைக்குப் பின், 1961-இல் ரயில்வே கிரேன் தயாரிப்பும் இங்கு தொடங்கியது.

நீராவி யுகம் முடிந்தபின் பணிமனை டீசல் என்ஜின், சரக்குப் பெட்டிப் பழுதுபார்ப்புக்கு மாறியது. 140 டன் கிரேன்களையும் தயாரித்தது. எனினும் அரசியல் இழுபறி ஓயவில்லை. 2002-இல் நிதீஷ் குமார் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, மம்தா பானர்ஜியின் கடும் எதிர்ப்பையும் மீறி கிழக்கு ரயில்வே பிரிக்கப்பட்டு, ஹாஜிபூரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய மண்டலம் செயல்படத் தொடங்கியது. பிகாரில் இருந்தும் ஜமால்பூர் அதில் சேரவில்லை. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு ரயில்வேயில், வங்கத்தின் மால்டா கோட்டத்திலேயே நீடித்தது. பிகார் அரசியல்வாதிகள் இதைத் தேர்தல் மேடைகளில் மறப்பதில்லை. மேடையிலிருந்து இறங்கிய பின் நினைப்பதுமில்லை.

சிறப்பு வகுப்புப் பயிற்சிக்கான கடைசித் தேர்வு 2015-இல் நடந்தது. பின்னர் அத்திட்டமே கைவிடப்பட்டது. 2020-இல் இங்குள்ள பொறியியல் பயிற்சி நிறுவனம் லக்னௌவுக்குப் போகிறது என்ற செய்தி எழ, பிகாரில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்புக் கிளம்பியது. நிறுவனத்தை மாற்றும் திட்டமில்லை என்று ரயில்வே விளக்கம் அளிக்க நேர்ந்தது.

இடையில் நல்ல செய்தி ஒன்றும் உண்டு. முங்கேரில் கங்கையின் குறுக்கே பாலம் கட்ட 2002-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்மீது பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2016-இல். முன்பு படகை நம்பியிருந்த பேகுசராய், ககாரியா பகுதி மக்கள் இப்போது அவ்வழியே ஜமால்பூர் வந்து இறங்குகின்றனர்.