கணவரின் இரத்தத்திலிருந்து ஓர் ஊசி



எங்கள் பணியை நெடுங்காலமாகத் தாங்கிவரும் ஒரு சகோதரரிடமிருந்து சமீபத்தில் ஒரு கடிதம் வந்தது. அவருடைய சபையில் ஓர் இளம் தம்பதியர். மூன்று முறை கரு உண்டாகி, மூன்றும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துவிட்டன. நகரத்தில் ஓரிடத்தில் காட்டியபோது, பெண்ணின் இரத்தத்தில் “கொல்லி அணுக்கள்” கூடுதலாக இருக்கின்றன, அவை குழந்தையை அந்நியப் பொருள் என்று எண்ணி அழிக்கின்றன என்றார்களாம். கணவரின் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்களாம். சபையார் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். குறைகிற தொகையை எங்கள் ஏழை நோயாளர் நிதியிலிருந்து தர இயலுமா என்று அந்தச் சகோதரர் கேட்டிருந்தார்.

இயலாது என்று பதில் எழுதினோம். எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதினோம். இதே கேள்வி உங்களில் வேறு சிலருக்கும் வரக்கூடும் என்பதால் காரணத்தை இங்கே விவரமாகச் சொல்கிறோம்.

இந்த எண்ணம் பிறந்த கதை சுவையானது. ஒருவருடைய தோலை எடுத்து மற்றொருவருக்கு ஒட்டினால் உடல் அதை ஏற்காது, சில நாட்களில் உதிர்த்துவிடும். வயிற்றிலிருக்கும் குழந்தையோ பாதி தகப்பனுடையது. அப்படியிருக்க, தாயின் உடல் அதை ஒன்பது மாதம் எப்படித் தாங்குகிறது? பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953இல் இக்கேள்வியை எழுப்பினார். பின்னர் 1960இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதிலிருந்து ஒரு பயமும் கிளம்பிற்று: கரு கலைந்தால், தாயின் உடல்தான் அதைத் தள்ளியிருக்க வேண்டும் என்ற பயம்.

1970களில் வெள்ளை அணுக்களில் ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் அணுக்களை முன்பயிற்சி ஏதுமின்றிக் கொன்றதால் அதற்கு “இயற்கைக் கொல்லி அணு” என்று பெயர் வைத்தார்கள். கருப்பையின் உட்சுவரிலும் இவ்வகை அணுக்கள் மிகுதியாக இருப்பது பிறகு தெரிந்தது. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அங்குள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். பெயரைக் கேட்டாலே எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். வேறு பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

சற்று யோசித்துப் பாருங்கள். இவை கருவைக் கொல்லும் அணுக்களானால், ஒவ்வொரு தாயின் கருப்பையிலும் இத்தனை இருக்கும்போது ஒரு குழந்தையாவது பிறக்குமா? உண்மையில் கருப்பையிலுள்ள இவ்வணுக்கள் கொல்வதில் பலவீனமானவை. அவற்றின் வேலை வேறு. தாயின் கருப்பையில் சுருள் சுருளான சிறு இரத்தக்குழாய்கள் உண்டு. குழந்தை வளர வேண்டுமானால் அவை அகன்று, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தாராளமாய்ப் பாய வேண்டும். நஞ்சுக்கொடியின் அணுக்கள் அக்குழாய்களை அகலப்படுத்தும்போது கூடநின்று உதவுபவை இந்தக் “கொல்லிகள்”தான். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பரம்பரை அமைப்பினால் இவ்வணுக்கள் மிகவும் அடங்கிப்போகக் கூடிய பெண்களிடம், கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வரும் நோய் அதிகம் காணப்பட்டது. இவை மட்டுமீறி ஊக்கமாயிருப்பதல்ல, ஊக்கம் குறைவதே தொல்லையாகலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இன்னொன்று. கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் உள்ளவை பெரும்பாலும் வேறு ரகம். அவற்றை எண்ணிப் பார்த்துக் கருப்பைக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. கடினமான உடற்பயிற்சி செய்தாலே அந்த எண்ணிக்கை கூடிவிடும்! அந்தப் பெண்ணின் கையில் கொடுத்த ரிப்போர்ட்டுக்கு இவ்வளவுதான் மதிப்பு.

ஊசியின் கதைக்கு வருவோம். அதை முதலில் போட்டவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். லண்டனில் 1985இல் வெளியான ஆய்வில், கணவரின் அணுக்களைப் பெற்ற 22 பெண்களில் 17 பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது. தங்கள் சொந்த அணுக்களையே பெற்ற 27 பேரில் 10 பேருக்குத்தான் நிலைத்தது. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது, பல தேசங்களில் இச்சிகிச்சை பரவியது. ஆனால் சிறிய ஆய்வு. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1999இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. கணவரின் அணுக்களைப் பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கே வெற்றி. வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்கு! உதவி செய்யவில்லை என்பது மட்டுமல்ல, தீங்கு செய்திருக்குமோ என்றும் அஞ்ச வேண்டியதாயிற்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2002இல், முறைப்படி அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் தவிர இதைப் போடக்கூடாது என்று அறிவித்தது. அந்த ஊசிக்காகத்தான் இன்னும் சில குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன.

அப்படியானால் எதிர்ப்புச் சக்திக்கும் கருச்சிதைவுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. சிலருடைய வெள்ளை அணுக்கள், உடலின் சொந்தக் கொழுப்புப் பொருள்களோடு ஒட்டும் புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. இவை நஞ்சுக்கொடியைப் பாதிக்கும். இரத்தம் உறையவும் செய்யும். அடிக்கடி கரு கலையும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் இவை இருப்பதாக லண்டன் மருத்துவர்கள் கண்டனர். அதே மருத்துவர்கள் 1997இல் 90 பெண்களிடம் சோதித்தபோது, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதமும், ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் பெற்றவர்களில் 71 சதவீதமும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள். பிற்பாடு வந்த எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்றாலும், இன்றும் இந்நோய்க்கு இதுவே சிகிச்சை. ஆஸ்பிரின் மாத்திரை சில காசுகள்தான். ஹெப்பாரின்தான் தினமும், மாதக்கணக்காகப் போட வேண்டியிருக்கும்.

ஆனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது. காய்ச்சல், சளி போன்றவற்றாலும் இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றலாம். ஆகவே குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்ப்போம். தூரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களை இரண்டாம் முறை வரவழைப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடு.

ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம்களிலேயே கோளாறு உள்ளவை. அது பஸ்ஸில் போனதால் வந்ததல்ல, வீட்டுக்கு வந்த மருமகளின் ராசியாலும் அல்ல. எல்லாச் சோதனையும் செய்து ஒரு காரணமும் அகப்படாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடுத்த முறை பிள்ளை பெறுகிறார்கள். இதை மாமியாரையும் கூட உட்காரவைத்தே சொல்லுகிறோம்.

அந்தத் தம்பதியர் எங்களிடம் வந்தார்கள். அந்தப் பெண் முதலில் கேட்டது, “என் இரத்தமே என் பிள்ளையைக் கொன்னுடுச்சாம்மா?” என்பதுதான். இல்லை என்று சொல்லி, அந்த ரிப்போர்ட்டை அருகில் வைத்துக்கொண்டு, மேலே எழுதியதையெல்லாம் அவளுக்கு விளக்கினோம். முதல் இரத்தப் பரிசோதனை முடிந்தது, எதிர்ப்பொருள் இருக்கிறது. இரண்டாவதுக்குத் தேதி குறித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

சபையில் சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்று அந்தச் சகோதரர் மறுபடியும் எழுதிக் கேட்டார். பத்திரமாக வைத்திருங்கள், அவள் இரண்டாம் முறை வந்துபோகப் பஸ் செலவுக்கு முதலில் கொடுங்கள், ஹெப்பாரின் தேவைப்பட்டால் மீதியை அப்போது கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறோம்.